பாலத்தடி வேலி

கணக்காய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

சென்ற வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். ஓய்வுபெற்ற ஆளைத் தொந்தரவு செய்வதற்கு நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். ஒரு பாலத்தடியில் முள்முருங்கை மரம் பெருத்துப்போய், அதன் வேர் பாலத்தின் சுவரைத் தள்ளுகிறதாம். பிரதேச சபை மரத்தை வெட்டப் பார்க்கிறது. ஆனால் மரம் யாருடையது என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

"ஒங்க காலத்துப் பாலம் மேடம். ஆய்வுக் குறிப்புல ஒங்க கையெழுத்து இருக்கு. மரத்தப் பத்தி ஏதாச்சும் தெரியுமா?" என்றார்.

தெரியும். அது வெறும் கம்பாக இருந்தபோதே தெரியும். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் அவருக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொல்லி வைத்தேன். கதை உங்கள் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

வரவு செலவைச் சரிபார்ப்பது, பொருள் இருப்பைப் பார்ப்பது, விதி மீறிய இடத்தில் ஐயவினா எழுப்பிப் பதில் கேட்பது, பதில் போதாவிட்டால் மேலே அனுப்புவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நாம் போய் இறங்கினால் சபைகளில் என்ன நடக்கும் என்பதையும் இதற்குள் பார்த்திருப்பீர்கள். கன்டீனில் வடை சூடாகும். ஆட்களின் முகம் ஆறிப்போகும். நான் சொல்லப்போவது, அந்த ஆறிய முகங்களுக்கு முன்னால் நாம் எப்படி நடந்துகொள்வது என்பதை.

அப்போதிருந்த சட்டத்தை இன்றைக்குச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். தோட்டத்துக்குள் இருக்கும் நிலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் எழுத்தில் சம்மதம் தராமல் பிரதேச சபை தன் பணத்தில் அங்கே ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் ஆட்கள் சபைத் தேர்தலில் வாக்குப் போடலாம். வாக்குப் போட்டுவிட்டு வீடு திரும்பும் பாதையைச் சபை போட்டுக்கொடுக்க முடியாது. பின்னால் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தக் கதை அதற்கு முந்தியது.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு பிரதேச சபை. பெயர் வேண்டாம். அங்கே செயலாளராக இருந்தவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சிங்களவர். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பழகிப் பழகியே தமிழ் கற்றவர். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கோப்புகளும் அவரைப் போலவே இஸ்திரி போட்டு மடித்தது மாதிரி இருக்கும். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

அவர்மீது ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. சபைப் பணத்தில் தோட்டத்துக்குள் பாலம் கட்டிவிட்டார் என்று. கோப்பைப் பார்த்தேன். ஓர் ஓடை, இந்தக் கரையில் சபையின் பாதையும் லயங்களும், அந்தக் கரையில் பள்ளிக்கூடம். முன்பு பிள்ளைகள் இரண்டு மரத்துண்டுகளின்மேல் ஓடையைக் கடந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் பாதி வகுப்பு வராது. ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகு செயலாளர் நடைபாலம் கட்டியிருக்கிறார். பள்ளிக்கூட நிலம் அரசாங்கத்துடையது. பாலத்தின் மறுகால் அதற்குள் நின்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அங்கே கரை சரிந்து கிடந்ததால், வேலிக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி, பாறை இருந்த இடத்தில் காலை ஊன்றியிருந்தார்கள். அந்த இடம் தேயிலை மலை. தோட்டத்து மண்.

சம்மதம் கேட்டு அவர் தோட்டத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அடுத்த மழை தொடங்குவதற்கு முன்னால் கட்டிவிட்டார்.

விதிப்படி பார்த்தால் அந்தச் செலவு முழுவதையும் அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். சர்சார்ஜ் என்று சொல்வோமே, அதுதான். ஐயவினா தீராமல் பென்ஷன் கடிதமும் வராது. ஒரு மனிதரின் முதுமை முழுவதும் அந்தப் பத்துப் பதினைந்து அடியில் இருந்தது.

எனக்கும் ஒரு சங்கடம் இருந்தது. நான் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்துப் படிக்க வைத்தவர். அந்தப் பாலத்தை நான் விட்டுவிட்டால், "தன் ஆட்களுக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்" என்பார்கள். பிடித்துக்கொண்டால், "படிச்சதும் லயத்த மறந்துட்டா" என்பார்கள். இரண்டு பக்கமும் இடிக்கிற மத்தளமாகத்தான் அன்று பஸ் ஏறினேன்.

செயலாளர் எனக்கு முன்பே வந்து பாலத்தடியில் குடையோடு நின்றார். பக்கத்தில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல வெள்ளைச் சட்டையில். பின்னால் பத்திருபது ஆட்கள். வேலை நாளில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் அத்தனை பேர் நின்றதைப் பார்த்தபோதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

பாலத்தைக் கடந்தேன். அந்தப் பக்கம் பள்ளிக்கூட வேலி பாலத்தின் காலைச் சுற்றி வளைத்து, அழகாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது. முள்முருங்கைக் கம்புகள், நடுவில் கம்பி.

"பாருங்க மிஸ், பாலம் ஸ்கூல் காணிலதான் நிக்குது," என்றார் தலைவர்.

வேலிக்கு உள்ளே இரண்டு மூன்று வரிசைத் தேயிலைச் செடிகள் நின்றன. குனிந்து பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொழுந்து ஒரே மட்டத்தில் எடுபட்டிருந்தது. இரண்டு பக்கமும் கிளை நறுக்கிய கவ்வாத்துத் தழும்பு ஒரே வருஷத்தது. பள்ளிக்கூடத்துக்குள் வந்து கவ்வாத்து வெட்டிக்கொடுக்கும் தோட்டம் எந்த நாட்டில் இருக்கிறது? கம்புகளின் அடியில் மண் வேறு புதிதாகக் கறுத்திருந்தது.

அதையெல்லாம்கூட மழை, கரையான், பழைய வேலியைப் புதுப்பித்தோம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மூலைக் கம்பை யாராலும் சமாளிக்க முடியாது. அதன் அடியில் உடைத்த தேங்காய் மூடி. பக்கத்துக் கல்லில் சூடம் எரிந்த கறை. கம்பின் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

எங்கள் ஆட்கள் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தாலும், வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு கட்டினாலும் சாமி கும்பிடாமல் தொடங்க மாட்டார்கள். ஊருக்குத் தெரியாமல் வேலியை நகர்த்தும்போதும் அந்த வழக்கம் விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. அதுவரை செயலாளர் செய்தது விதி மீறல். வேலியை நகர்த்தியதில் அவருக்கும் பங்கிருக்கிறது என்றால் அது மோசடி. பணத்தைக் கட்டிவிட்டுத் தப்பிக்கிற விஷயம் இல்லை. வேலையும் போகும், பென்ஷனும் போகும், பெயரும் போகும். அவருக்கு உதவி செய்வதாக நினைத்து அவர் கழுத்துக்குத்தான் கயிறு திரித்திருந்தார்கள்.

நான் தேங்காய் மூடியைப் பார்ப்பதைத் தலைவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், நீங்களும் லயத்துப் புள்ளதான? ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. இந்த மனுசன் எங்க புள்ளைங்களுக்காகச் செஞ்சாரு. அவர் வயித்துல அடிச்சா எங்களுக்குச் சோறு எறங்குமா?"

"லயத்துப் புள்ளங்கறதாலதான் அண்ணே கண்ணுல பட்டுச்சு," என்றேன். "வேற ஆள் வந்திருந்தா பாலத்தப் பாத்துட்டுப் போயிருப்பாங்க. ஆனா அடுத்த வருசம் இன்னொருத்தர் வருவாரு. தோட்டத்துல கணக்கப்பிள்ளை செடிய எண்ணுவாரு. அப்ப யாரு போவா ஜெயிலுக்கு? நீங்களா, செயலாளர் சேரா?"

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடைப்பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். 'இது உங்களுக்குத் தெரியுமா?' என்று அவரிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்ல வேண்டும், அல்லது தன் கழுத்தைத் தானே நீட்ட வேண்டும். கேள்வி கேட்பது நம் உரிமைதான். ஒரு மனிதர் நல்லது செய்ய இன்னும் வழி இருக்கும்போது, அந்த வழியை அடைக்கிற மாதிரி கேள்வி கேட்கக் கூடாது என்று அன்று எனக்குத் தோன்றியது.

பையிலிருந்து நான் இன்னும் கோப்பை எடுக்கவில்லை.

"சேர், காலையில பஸ்ஸுல ஒண்ணும் குடிக்காம வந்துட்டேன். ஸ்கூல்ல ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். வந்து கோப்பத் திறந்ததுக்கப்புறம் கண்ணுல என்ன படுதோ அதத்தான் எழுதுவேன். அதுல கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்," என்றேன்.

அவர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

பள்ளிக்கூட அதிபர் ஓர் இளம் பெண். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். "காலையில வந்து பாத்தப்பதான் மிஸ் எனக்கே தெரிஞ்சுது. புள்ளைங்க 'டீச்சர், நம்ம ஸ்கூல் பெருசாயிருச்சு'ன்னு குதிக்குதுங்க. நான் என்ன சொல்ல?"

நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் போகும்போது வேலி அங்கேயே நின்றால் எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டு எந்த முகத்தோடு இந்தப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவேன்? டீயை வாயில் வைக்கவே மறந்துவிட்டேன். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சத்தத்துக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால் மண்வெட்டி கல்லில் படும் சத்தம் கேட்டது. அப்போதுதான் மூச்சு விட்டேன். டீ ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தேன்.

திரும்பி வந்தபோது வேலி பழைய குழிகளில் நின்றது. பாலத்தின் கால் வெளியே, தோட்டத்து மண்ணில், தனியாக நின்றது. செயலாளரின் குடை ஒரு தேயிலைச் செடிமேல் கிடந்தது. காற்சட்டை முழங்கால்வரை மடித்து, இரண்டு கையிலும் சேறு. அவரை அந்தக் கோலத்தில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

"எழுதுங்க மிஸ்," என்றார். "பாலம் தோட்டத்து மண்ணில நிக்குது. சம்மதக் கடிதம் இல்ல. கட்டச் சொன்னது நான்."

அவர் குரலில் நடுக்கம் இல்லை. பென்ஷனைக் கையில் எடுத்து மேசைமேல் வைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. மறைக்கத்தான் கோப்பைத் திறந்தேன்.

புறப்படும்போது பாலத்தடியில் ஒரே ஒரு கம்பு பிடுங்காமல் நிற்பதை இருவருமே கண்டோம். சந்தனம் வைத்த கம்பு. சாமி கும்பிட்டு நட்டதைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. அவர் அவசரமாக அதை நோக்கிப் போனார்.

"விடுங்க சேர். ஒரு கம்பு வேலியாகாது," என்றேன்.

அன்று மாலையே என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். தேங்காய் மூடி வரைக்கும். அவர் கோபக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நீங்க ஆய்வைத் தொடங்கினப்போ வேலி எங்க இருந்துச்சு?"

"பழைய இடத்துல சேர்."

"அப்ப அத எழுதுங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "இந்த மனுசன ஒங்களுக்குப் பிடிக்கும். அதனால டீ குடிக்கப் போனீங்க. நாளைக்கு ஒங்களுக்குப் பிடிக்காத ஆள் முன்னால நிக்கும்போதும் டீ குடிக்கப் போவீங்களா? போக மாட்டீங்கன்னா, இன்னைக்குச் செஞ்சதுக்குப் பேரு சலுகை. அத இந்தக் கணக்காய்வுக் கந்தோர்ல வெச்சுக்காதீங்க," என்றார்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்திலேயே இன்னும் இருக்கிறது.

ஐயவினாவை எழுதினேன். முதல் பத்தி விதி: பாலத்தின் ஒரு கால் தோட்டக் காணியில், சம்மதம் இல்லை, செலவு ஒழுங்கீனம். இரண்டாவது பத்தியை எழுதச் சொல்லி எந்த விதியும் கேட்கவில்லை. எழுதக் கூடாது என்றும் சொல்லவில்லை. சபை சம்மதம் கேட்டு அனுப்பிய கடிதங்களுக்குத் தோட்டம் பதிலே தரவில்லை, பாலத்தில் போய்வருகிறவர்கள் இந்தச் சபையின் வாக்காளர்களும் அவர்களின் பிள்ளைகளும், பாலம் இல்லாத காலத்தில் மழை நாட்களில் பள்ளிக்கூடம் பாதி காலி. அவ்வளவும் நான் கண்டதும் கேட்டு உறுதி செய்ததும்தான். மேலதிகாரி ஒரு சொல்லையும் வெட்டவில்லை. பிரதியொன்றைத் தோட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பி, ஏன் பதில் தரவில்லை என்று விளக்கம் கேட்டார். செயலாளர் எத்தனை தடவை எழுதியும் அசையாத நிர்வாகம், தன் மௌனம் அரசாங்க அறிக்கை ஒன்றில் அச்சாகப் போகிறது என்றதும் அசைந்தது. பாலம் கட்டிய நாளிலிருந்தே செல்லுபடியாகும் என்று சம்மதக் கடிதம் வந்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். வேலி நகர்ந்தபடியே இருந்து நானும் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால், தோட்டத்திடம் ஒருவரும் எதையும் கேட்டிருக்க முடியாது. பொய்யை வைத்துக்கொண்டு நியாயம் கேட்க முடியாது.

செயலாளர் சும்மா தப்பவில்லை. முன்அனுமதி இல்லாமல் செலவு செய்ததற்குக் கண்டனக் கடிதம் ஒன்று அவர் கோப்பில் ஏறியது. பென்ஷனும் தாமதமாகத்தான் வந்தது. அந்த மாதங்களில் அவர் வீட்டில் எப்படிச் சமாளித்தார்களோ, எனக்கு நினைக்கவே கஷ்டமாக இருந்தது. வழியில் கண்டால் தலையசைப்பதோடு சரி. பிறகு ஒருநாள் போன் வந்தது.

"மிஸ், பென்ஷன் கடிதம் வந்திருச்சு."

"சந்தோசம் சேர்."

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த டீ எப்படி இருந்துச்சு?"

"ஆறிப்போச்சு சேர்."

அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேலதிகாரி சொன்ன அந்தப் பிடிக்காத ஆள் எனக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்தார். வேறொரு சபைக்குத் தலைமை வகித்த தவிசாளர். அதற்கு முன்பு ஒருமுறை என்னை வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பியவர். சபையின் டிராக்டர் பழுதாகி நிற்கிறது என்று பதிவு. போகும் வழியில் அது அவர் சொந்த வீட்டுக்குக் கல் இறக்குவதை நானே கண்டேன். பிடித்து எழுத விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சேர், நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்து கோப்பத் திறக்குறேன்," என்றேன். திரும்பி வந்தபோது சபை முற்றத்தில் டிராக்டர் கல்மேல் ஏறியிருந்தது. நாலு சக்கரமும் கழற்றிப் போட்டிருந்தார்கள். எஞ்சினைத் தொட்டேன், சுட்டது. எழுதினேன். மனதில் ஒரு உறுத்தலும் இல்லாமல் எழுதினேன். நேரத்தை எல்லோருக்கும் கொடுக்கலாம். அதில் என்ன செய்கிறார்கள் என்பது அவர்கள் பாடு.

இனி அந்தப் போனுக்கு வருகிறேன். முள்முருங்கைக் கம்பை ஊன்றினால் அடுத்த மழைக்கே துளிர்விடும். அன்று விட்டுவிட்டு வந்த கம்புதான் இன்றைக்குப் பாலத்தைத் தள்ளுகிறது. ஒரு கம்பு வேலியாகாது என்று சொன்னேனே தவிர, மரமாகும் என்று யோசிக்கவில்லை.

"வேர் சுவரத் தள்ளுறது உண்மைன்னா வெட்டத்தான் வேணும்," என்று அவரிடம் சொன்னேன். "ஆனா மொதல்ல நீங்க போய்ப் பாருங்க. தோட்டத்துக்கும் ஸ்கூலுக்கும் சபைய எழுதிக் கேக்கச் சொல்லுங்க. இப்பதான் சட்டம் எடம் குடுக்குதே."

"சரி மேடம். வேற ஏதாச்சும் இருக்கா?"

"வெட்டுற கிளையில ஒரு கம்ப மட்டும் எடுத்து வேலில நடச் சொல்லுங்க."

"எந்த வேலில மேடம்?"

"பள்ளிக்கூட வேலில. பழைய எடத்துல ஒரு கம்பு கொறையும், பாருங்க."